ஆறு துளை மூடியும் ஆறு மில்லிமீட்டர் பிழையும்

தோட்டத்து மோட்டார் பம்பின் மூடி விரிசல் விட்டது. அந்தப் பழைய வகைக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. ஆறு போல்ட் துளைகள் கொண்ட, ஒழுங்கற்ற விளிம்புடைய அந்த மூடியை மேசைமேல் வைத்து, பக்கத்தில் எஃகு அளவுகோல் ஒன்றையும் வைத்து, கைப்பேசியில் படமெடுத்து, கணினியில் வரைபடம் வரையும் கேட் (CAD) மென்பொருளில் அதன்மேல் கோடு இழுத்து, லேசரால் தகடு வெட்டும் பட்டறையில் கொடுத்தேன். வந்த தகட்டில் ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. 150 மி.மீ. இருக்க வேண்டிய நீளம் 156 இருந்தது. கோப்பில் உள்ளதைத்தான் வெட்டினோம் என்று பட்டறையில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

பிழை அளவுகோலை வைத்த இடத்தில் இருந்தது. மூடியின் தடிமன் 12 மி.மீ.; கைப்பேசி அதன் மேற்பரப்பிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருந்தது. அளவுகோலோ கைப்பேசியிலிருந்து 312 மி.மீ. கீழே மேசையில் கிடந்ததால், மூடி 4 சதவீதம் பெரிதாகப் பதிவாகிவிட்டது. அளவுகோலை மூடியின் மேற்பரப்புக்குச் சமமாக உயர்த்தி வைப்பதும், தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுப்பதும் கட்டாயம் என்பதை ஒரு தகட்டை இழந்த பிறகே அறிந்தேன்.

அடுத்து, மூடியை ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தேன். ஒரு பிக்சலுக்கு 0.042 மி.மீ. என்பதால் நம்பிக்கை வந்தது. படத்தின் விளிம்புகளைத் தானே கோடுகளாக மாற்றும், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் தானியங்கி வரைவிடம் வேலையை ஒப்படைத்தது தவறாயிற்று. துருவும் நிழலும் விளிம்பாக மாறின. வட்டங்கள் நூற்றுக்கணக்கான கணுக்களாக, அதாவது சிறு கோட்டுத் துண்டுகளை இணைக்கும் புள்ளிகளாகச் சிதறின. பல கோடுகளின் முனைகள் ஒன்றுசேர்ந்து மூடவே இல்லை என்று பட்டறையில் கோப்பைத் திருப்பித் தந்தார்கள். அன்றைய பயணமும் வீண்.

மூன்றாம் முறை ஸ்கேன் படத்தை வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளவுகள் அனைத்தையும் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் எடுத்தேன். இரு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையிலான தூரத்திலிருந்து ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் மையத் தூரம் கிடைக்கும். படத்தில் 8.8 மி.மீ. என்று தெரிந்த துளைகளை, எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்குரிய 9 மி.மீ. வட்டங்களாகவே வரைந்தேன். விரிசல் விட்ட மூடியைவிடப் பம்பின் உடலே நம்பத்தக்கது என்பதால், துளைகளின் இடத்தை அங்கும் ஒருமுறை சரிபார்த்தேன்.

வெட்டக் கொடுக்குமுன் வரைபடத்தை முழு அளவில் தாளில் அச்சிட்டுப் பம்பின்மேல் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்குள் பொருத்தும் தெரிவை அச்சில் நீக்காவிட்டால் படம் சுருங்கிவிடும். அலகு மில்லிமீட்டர் என்பதையும் மொத்த நீளத்தையும் பட்டறைக்கு எழுத்தில் கொடுங்கள், ஏனெனில் பட்டறைக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் (DXF) வரைபடக் கோப்பை அங்குலமாகத் திறந்தால் உருவம் 25.4 மடங்காகிவிடும்.

புதிய மூடியில் ஆறு போல்ட்டுகளும் கையாலேயே இறங்கின.