எல்லை தாண்டிய பிரதி

தயாரிப்பாளர்கள் சார்பில் இணையத்திலிருந்து திருட்டுப் பிரதிகளை நீக்கும் பணியைச் சென்னையில் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்திலேயே திரையரங்கில் எடுத்த பிரதி இணையத்தில் ஏறிவிடுகிறது. வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்து, முதல் மூன்று நாள் வசூலையே நம்பியிருப்பவருக்கு அதன் பிறகு எடுக்கும் நடவடிக்கை எதுவும் பெரிதாக உதவுவதில்லை.

இந்தியாவுக்குள் வழி இருக்கிறது. முகம் தெரியாத எதிர்மனுதாரரை ‘அசோக் குமார்’ என்ற கற்பனைப் பெயரால் குறிப்பிட்டு நீதிமன்றத்தில் தடை பெறலாம். பெயர் மாற்றி மீண்டும் முளைக்கும் தளங்களையும் அதே தடையில் சேர்க்க, 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழிவகுத்தது. சினிமாட்டோகிராப் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால், தளத்தின் பெயர் ஒரு நாட்டிலும் சர்வர் வேறொரு நாட்டிலும் இருக்கையில், இங்கே போடும் தடை இங்குள்ள பார்வையாளரின் வழியை மட்டுமே அடைக்கிறது. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அமெரிக்க நிறுவனமாக இருந்தால் அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏ.-வின்படி, பிரதியை நீக்கக் கோரி நோட்டீஸ் அனுப்பலாம். அச்சட்டம் செல்லாத நாடுகளிலிருந்து பல நேரங்களில் பதிலே வருவதில்லை.

என்னை மிகவும் வருத்திய அனுபவம் ஒன்று உண்டு. டிஜிட்டல் திரையிடலில், எந்த அரங்கில் எந்த நேரத்தில் காட்சி ஓடியது என்பதைக் காட்டும் வாட்டர்மார்க் கண்ணுக்குத் தெரியாமல் படத்தில் பதிந்திருக்கும். ஒரு படத்தின் திருட்டுப் பிரதியை ஆய்வு செய்தபோது அது வெளிநாட்டு அரங்கு ஒன்றைக் காட்டியது. இனி எளிது என்றே நினைத்தேன். ஆனால் அந்த நாட்டுக்கான உரிமையைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே விநியோகஸ்தருக்கு விற்றிருந்தார். அவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றியிருந்தார். அந்நாட்டுக் காவல்துறை, தங்கள் நாட்டில் உரிமை உள்ளவரே புகார் தர வேண்டும் என்றது. கடிதம், அதற்கு மொழிபெயர்ப்பு, அதற்குச் சான்றொப்பம் என ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிப்பதற்குள் படம் எல்லா அரங்குகளிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. “அந்த ஆளைப் பிடித்தார்களா?” என்று தயாரிப்பாளர் பலமுறை கேட்டார், என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

இப்போதெல்லாம் வெளியீட்டுக்கு முன்பே, ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரிடமும் புகார் அளிப்பதற்கான அதிகாரக் கடிதத்தைக் கையெழுத்துடன் வாங்கி வைக்கிறேன். உரிமை ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களிடம் சொல்லி வருகிறேன்.