வேர்க்கடலைத் தோலில் சிவப்பு எச்சம்

ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள் காலை, கோழிக்கூண்டைத் திறந்த அத்தை அங்கிருந்தே கூப்பிட்டார்: "இன்னாம்மா இது, எச்சம் செவப்பா கீது."

பொரித்து 25 நாள் ஆன 14 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள். மூன்று மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தாய்க்கோழி கூப்பிட்டும் போகாமல் மூலையில் தூங்கி விழுந்தன.

எங்கள் அணைக்கட்டுப் பக்கம் குஞ்சு தூங்கி விழுந்தாலே வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். ராணிக்கெட் நோய் என்பதும் அதைத்தான். ராணிப்பேட்டையில் அதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கிறார்கள்; ஆனால் நோய்க்குப் பெயர் கொடுத்த ராணிக்கெட் இமயமலைப் பக்கம் இருக்கிறது. அதற்கான சொட்டு மருந்தை 7ஆம் நாளே கண்ணில் விட்டிருந்தோம். பின்னே இது என்ன?

அத்தை சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்தார். நான் வைட்டமின் டானிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். மறுநாள் இரண்டு செத்துக் கிடந்தன.

ஒன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். குடலின் கடைசியில் இருக்கும் இரட்டைப் பைகள் ரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியின் வேலை. எச்சத்தோடு வெளியே வந்ததும், ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடுமாம். குஞ்சு தரையைக் கொத்தக் கொத்த உள்ளே போகும்.

ஆம்ப்ரோலியம் பொடி எழுதிக் கொடுத்தார். டானிக் கதையைச் சொன்னதும், "அதை உடனே நிறுத்தும்மா" என்றார். ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமின் மாதிரியே இருந்து ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடுகிறது. டானிக்கில் நாமே பி1 கொடுத்தால் மருந்து எப்படி வேலை செய்யும்? அவர் சொன்ன அளவில் 5 நாள், தினமும் புதிதாகக் கலந்து, வேறு தண்ணீரே வைக்காமல் கொடுத்தேன்.

என் மனசு ஆறாதது தரையை நினைத்துத்தான். தண்ணீர்த் தட்டைச் சுற்றி, தரையில் பரப்பியிருந்த வேர்க்கடலைத் தோலை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி ஒட்டியது. தினமும் தீவனம் போட்ட கை, ஒருநாளாவது அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாரிக் கொட்டினோம். தரையைக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, புதுத்தோல் பரப்பி, தட்டைச் செங்கல் மேல் ஏற்றினோம்.

கூண்டைக் காலி செய்தபோது மூங்கில் இடுக்கில் சிவப்புச் செள்ளு அப்பிக் கிடந்தது. பகலில் ஒளிந்திருந்து ராத்திரியில் ரத்தம் குடிக்கிற ஜாதி. குஞ்சின் இறகைப் பகலில் விலக்கிப் பார்த்தபோது ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான். கொதிக்கிற தண்ணீரை இடுக்கெல்லாம் ஊற்றி, வெயில் வந்த அன்று கூண்டைக் காயப் போட்டோம். குஞ்சுகள் புரள ஒரு பழைய அன்னக்கூடையில் மணலும் அடுப்புச் சாம்பலும்.

மூன்றாவது குஞ்சும் பிழைக்கவில்லை. மீதி 11. இப்போது 70 நாள் ஆகிறது. போன வாரம்தான் குடற்புழு மருந்து கொடுத்தோம். காலையில் கூண்டைத் திறந்ததும் அத்தை முதலில் ஒரு பிடி தோலை அள்ளிப் பிடித்துப் பார்க்கிறார். உதிர்ந்தால்தான் தீவனத்தை எடுக்கிறார்.