நடுப்பகல் இரண்டு மணிக்கு வீட்டைக் காட்டினோம்

சேலையூரில் 21 ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் தனியாக இருக்கும் அம்மாவுடன் போய்த் தங்குவது என்று மாசி மாதத்தில் நானும் மனைவியும் முடிவெடுத்தோம். சென்னைப் பக்கம் தனி வீடு கைமாறுவதற்குப் பங்குனி முதல் ஆனி வரையிலான மாதங்கள்தாம் வாகானவை. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட நினைப்பவர்கள் ஒரு புறம். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதியவும் மாட்டோம், பால் காய்ச்சவும் மாட்டோம் என்பவர்கள் மறு புறம். ஆகவே வீடு பார்க்க ஆட்கள் வருவது, மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை கத்திரி வெயில் காயும் நாட்களில்தான் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

தரகர் இரண்டு யோசனைகள் சொன்னார். வீட்டை மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கெல்லாம் போட்டுக் காட்டுவது ஒன்று. “நாய் இருந்த வீடுன்னு தெரிஞ்சா பாதிப் பேரு கேட்டோட திரும்பிடுவாங்க சார், அதைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க” என்பது மற்றொன்று. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் நாட்டு நாய் மணி 13 ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் முதுமையில் இறந்திருந்தான். அவன் வாழ்ந்ததை மறைத்து ஒரு வீட்டை விற்பதற்கு என் மனைவி எந்நாளும் சம்மதித்திருக்க மாட்டாள். அது மட்டுமல்லாமல், நாய் வளர்ப்பவர்கள் வாடகைக்கும் விலைக்கும் வீடு தேடி எவ்வளவு அலைகிறார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறோம். அவர்களையே மனத்தில் வைத்து வீட்டைத் தயார் செய்வது என்று தீர்மானித்தோம்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு மணியே வழிகாட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அதனால் கோடையில் வீட்டின் எந்த மூலை எந்த நேரத்தில் குளிர்ந்திருக்கிறது என்பதை நாயைவிட நுட்பமாக அறிந்தவர் எவரும் இல்லை. மணி காலையில் சமையலறை வாசலிலும், உச்சி வேளையில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிவப்பு ஆக்சைடு தரையிலும், கடற்காற்று எட்டிப் பார்க்கும் மூன்று மணிக்குக் கிழக்கு நடையிலும் படுத்திருப்பான். பின்முற்றத்தின் சிமெண்ட் தரையை வெயில் நாளில் அவன் ஓடித்தான் கடப்பான். சித்திரை பிறந்துவிட்டால் மாடி அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். இவற்றை ஒரு தாளில் எழுதியபோது, சரிசெய்ய வேண்டிய இடங்களின் பட்டியலும் தானாகவே கிடைத்துவிட்டது.

மாடி அறையில் தொடங்கினோம். கான்கிரீட் கூரை பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவெல்லாம் அறைக்குள் இறக்கும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட பழைய தளத்தின் மேல் தட்டோடு பதித்திருந்தது. ஓடுகள் பாசி படர்ந்து கறுத்துப்போயிருந்தன. கொத்தனார் முதலில் ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, இடைவெளிகளையும் விரிசல்களையும் அடைத்தார். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசை சேர்த்து, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக மூன்று பூச்சு அடித்தார். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், மாடி அறையில் மாட்டியிருந்த வெப்பமானி அதே நேரத்தில், அதே போன்ற வெயிலில், முன்னைவிட 3 டிகிரி குறைவாகக் காட்டியது. பல ஆண்டுகள் உழைக்கும் வெள்ளைக் கூரைப் பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன, செலவு கூடுதல். சுண்ணாம்பு மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். இரண்டில் எது என்பதை வாங்குபவரே பிற்பாடு முடிவு செய்துகொள்ளட்டும் என்று சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டோம். இந்த வேலை நடக்கும்போது நாயோ பூனையோ வீட்டில் இருந்தால் அவற்றை மாடிக்கு விடக் கூடாது. ஈரச் சுண்ணாம்பு பாதங்களைப் புண்ணாக்கிவிடும்.

கிழக்கு நடையில் ஜன்னலை மறைத்து ஒரு பீரோ பத்து ஆண்டுகளாக நின்றிருந்தது. அதை அகற்றினோம், எதிர்ச் சுவரின் ஜன்னலையும் திறந்து வைத்தோம். பிற்பகல் காற்று வீட்டைக் குறுக்காகக் கடந்து போனது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் இரைத்தே உடலைக் குளிர்விக்கும் ஒரு பிராணிக்குக் காற்றோட்டம் எத்தனை முக்கியம் என்பதைத் தட்டை மூக்கு நாய்களான பக், ஷிட்சூ வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். கொசுவலைகளை மட்டும் மாற்றினோம்: பூனை நகத்துக்கு நைலான் வலை இரண்டு நாள் தாங்காது என்பதால் துருப்பிடிக்காத எஃகு வலை போட்டோம்.

பின்முற்றத்துக்குப் பெரிய செலவு செய்யவில்லை. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் நாயை நடக்கவிடக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதுண்டு. எங்கள் முற்றத்தில் மதியம் மூன்று நொடி வைக்க முடியவில்லை. பாதிக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். மீதிக்குப் புங்கமரம் இருந்தது. இலை குப்பையாகக் கொட்டுகிறது, வெட்டிவிட்டால் இடம் விசாலமாகத் தெரியும் என்று சொன்னவர்கள் உண்டு. புங்கமரம் வெயில் ஏறுவதற்குச் சற்று முன்பாக இலையை உதிர்த்து, கோடை தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும் மரம். அதை வெட்டச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க நான் ஆயத்தமாக இல்லை.

அதிக நாட்கள் பிடித்தது உண்ணிக்கான வேலைதான். நாயுண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுகிறோம். அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவரில்தான் கழிக்கிறது. இரத்தம் குடித்துக் கொட்டைமுத்து அளவுக்கு உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, சுவரோரமாக ஊர்ந்து, மேலேறி, ஒரு விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். வெயில் காலத்தில் இந்தச் சுழற்சி வேகமெடுக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு மணி ஒரு முறை சாகப் பிழைத்தவன். ஈறு வெளுத்து, தலையைத் தூக்க முடியாமல் ஐந்து நாட்கள் கிடந்ததை மறக்க முடியவில்லை. அவன் படுத்திருந்த மாடிப்படியின் அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, படிக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை போல ஓடிய விரிசலில் காய்ந்த உண்ணிக் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அந்த விரிசலைக் கொத்திவிட்டு அடைத்துப் பூசினோம். கதவு நிலைகளின் ஓரம், மின்பெட்டியின் சுற்றுப்புறம், சுற்றுச்சுவரின் பொந்துகள் என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடிக்க வந்தவரிடம் பெர்மெத்ரின் கலந்த மருந்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. வரப்போகிறவர் பூனை வளர்ப்பவராகவும் இருக்கலாம் அல்லவா? அடித்த மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய ரசீதைப் பத்திரக் கட்டோடு சேர்த்து வைத்தோம்.

சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக நின்ற அரளியை எடுத்துவிட்டோம். பூசைக்குப் பறித்த செடி என்பதால் மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு உடையவை, கடித்து விளையாடும் குட்டிக்கு அது தெரியாது. அழகுக்கு வைத்திருந்த சைகஸ் செடியும் ஈரலைக் கெடுக்கும் என்பதால் போயிற்று. அந்த இடத்தில் செம்பருத்தியும் மல்லிகையும் வைத்தோம். கேட்டின் அடியில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. தகடு பற்றவைத்து அடைத்தோம். சம்ப் மூடி ஆடிக்கொண்டிருந்தது, மாற்றினோம்.

வாடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பினாயில் ஊற்றுவதால் நாய் மூத்திர வாடை போகாது, சிறிது நேரம் அமுங்கும். ஓட்டு இணைப்புகளில் படிந்த உப்பு, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மீண்டும் மணக்கும். என்சைம் கலந்த திரவத்தை ஊறவிட்டுக் கழுவினோம். அதற்கும் போகாத ஒரு மூலையில் பழைய இணைப்புச் சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம். ஊதுவத்தியும் நறுமணத் தெளிப்பும் வேண்டவே வேண்டாம், எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயத்தையே அவை கிளப்பும்.

விளம்பரத்தில் “13 ஆண்டுகள் நாய் வளர்த்த வீடு, பிற்பகல் 2 மணிக்கு வந்து பார்க்கலாம்” என்று எழுதினோம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னபடி சிலர் வராமலே போனார்கள் என்பது உண்மைதான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அனல் பறக்கும் வேளையில் ஓர் இளம் தம்பதியர் வந்தார்கள். அவர்களிடம் ஒரு பக், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு நாய், ஒரு பூனை. அந்தப் பெண் கூடத்துக்குள் வருவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்முற்றத்துக்குப் போய் வெறுங்காலோடு பந்தலின் அடியில் நின்று பார்த்தார். “இதுக்கு முன்னாடி பார்த்த அஞ்சு வீட்லயும், நாய் இருக்குன்னு சொன்னதுமே பேச்சு மாறிடுச்சு சார்” என்றார். அவர்கள் அதுவரை தேடியது அடுக்குமாடிகளில். வளர்ப்புப் பிராணிகளைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்யவோ, மின்தூக்கியில் ஏற்ற மறுக்கவோ கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி வழக்காடிக்கொண்டே ஒரு வீட்டில் எப்படி நிம்மதியாகக் குடியிருப்பது என்று அந்தத் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விகளில் ஒன்று நான் எதிர்பாராதது: இந்த வீட்டில் எந்தக் குட்டியாவது பார்வோ என்னும் வைரஸ் நோயில் இறந்ததுண்டா? அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும் என்பதால், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவருவது ஆபத்து. மணியைத் தவிர வேறு நாய் இங்கே இருந்ததில்லை, அவனும் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தான் என்று சொல்லி, மருத்துவக் குறிப்பேட்டையும் மருந்து ரசீதையும் காட்டினேன். அவர் மாடி அறைக்கு ஏறிப் போய், மின்விசிறியைப் போடாமல் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் வாரம் முன்பணம் வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட விலை கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. பழைய மின்கம்பிகளுக்காக ஒரு தொகையைக் குறைத்தும் கொண்டார்கள், அது நியாயம்தான்.

ஆனி இரண்டாம் வாரம் சாவியைக் கொடுத்தபோது ஒரு தாளும் கொடுத்தேன். பங்குனி பிறந்ததும் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அதே வாரத்தில் மாடிப்படியின் அடியில் கைவிளக்கு அடித்து உண்ணி பார்க்க வேண்டும், கீற்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். மணிக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டியைப் புங்கமரத்தடியிலேயே விட்டுவிட்டோம். சித்திரை வைகாசியில் பன்னிரண்டரை மணிக்கெல்லாம் அந்த இடத்தை விட்டு நிழல் விலகிவிடும், தண்ணீரை அப்போது ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்று மனைவி தன் கையால் அடியில் எழுதிச் சேர்த்தாள்.