வாயில் தெரியும் உடல் நோய்கள்: தேர்வுக்கு நான் படித்த முறை

பல் மருத்துவம் படிப்பவர்கள் இந்தப் பாடத்தைப் பாடநூல் வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். நூல் நோயின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அறிகுறிக்கு வரும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இது தலைகீழ். ஒரு நாக்கின் படத்தை நீட்டி, "என்னென்ன நினைக்கிறீர்கள்?" என்பார்கள். நோயாளியும் நோயின் பெயரோடு வருவதில்லை. அதனால் நான் நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், தாடை என்று இடவாரியாகக் குறிப்பெடுத்தேன்.

நாக்கைப் பாருங்கள். மொட்டுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைபாடுகள் நினைவுக்கு வர வேண்டும். இரும்புக் குறைவோடு விழுங்குவதிலும் சிரமம் என்றால் பிளம்மர்-வின்சன் நோய்த்தொகுதி. அத்துடன் நிறுத்தாமல், தொண்டையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் வரும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓரத்தில் வெள்ளைத் திட்டு இருந்து, துடைத்தால் வந்துவிட்டால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. துடைத்தும் வராமல் செங்குத்துக் கோடுகளாக நின்றால் ஹேரி லூக்கோபிளேக்கியா என்ற வெள்ளைப் படலமாக இருக்கலாம்: காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ், பின்னணியில் பெரும்பாலும் எச்ஐவி.

ஈறு வீக்கத்துக்கு முதலில் மாத்திரைகளைக் கேளுங்கள்: ஃபெனிடாய்ன் (வலிப்புக்கு), நிஃபெடிபின் (ரத்த அழுத்தத்துக்கு), சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பை அடக்க). இவை எதுவும் இல்லாமல் சில வாரங்களில் வீங்கி, தானாக ரத்தம் கசிந்து, ஆள் வெளுத்திருந்தால் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். குறிப்பாக மோனோசைட் என்ற வெள்ளையணு சார்ந்த வகைகளில் புற்றணுக்களே ஈறுக்குள் ஊடுருவுகின்றன. கத்தியை எடுக்கும் முன் முழு ரத்தப் பரிசோதனை என்று சொல்லத் தவறாதீர்கள்.

காரணம் புரிந்தால் அறிகுறி மறக்காது. அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயில் கன்னத்தின் உட்புறம் ஏன் கறுக்கிறது? அட்ரீனலின் கார்டிசால் ஹார்மோன் குறையும்போது, அதைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைப் பிட்யூட்டரி சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, அது நிறமிச் செல்களைத் தூண்டுகிறது. இந்த ஒரு வரியை எழுதினாலே விடைக்குக் கனம் கூடிவிடும். தட்டம்மையில் கன்னத்தின் உட்புறம் தெரியும் கோப்லிக் வெண்புள்ளிகள், குடல் அழற்சியான கிரோன் நோயின் கூழாங்கல் போன்ற சளிச்சவ்வு ஆகியவற்றைப் படம் பார்த்தே பதிய வைக்கலாம்.

பலரும் தாண்டிப் போகும் பகுதி தாடைக்குப் பரவும் புற்றுநோய். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பல் பிடுங்கவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகின்றன. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து பரவியது கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் தங்கியிருக்கலாம். சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருப்பதன் முதல் தடயமே இதுதான்.

வாய்ப்புற்றில், உறுத்தும் பல்லைச் சரிசெய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்கு பயாப்சி (திசுவை எடுத்துச் சோதிப்பது) தேவை. வெள்ளைத் திட்டைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது. அந்த ஒப்பீட்டை அடிக்கடி கேட்பார்கள். செய்முறைத் தேர்வில் நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, பின்பக்க ஓரம் வரை காட்டுங்கள். வாயின் அடித்தளத்தை உள்ளும் வெளியுமாக இரு கைகளாலும் தொட்டுப் பாருங்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களையும் பார்த்த பிறகே கையுறையைக் கழற்ற வேண்டும்.