செர்ரி இறாலுக்கு ஒன்றரை அடித் தொட்டி: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் அழகுக்குக் குட்டி நன்னீர் இறால் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போனதும் முதலில் கேட்பது கண்ணாடித் தொட்டியின் விலை. தொட்டி கடைசியில் வரட்டும். முதலில் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும், தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் ஜிஎச் சொட்டு மருந்து டப்பாவும் வாங்கி வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். காவிரி டெல்டாவில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். கும்பகோணம் பக்கம் ஒரு போர்வெல்லில் நல்ல தண்ணீர் வரும், கடற்கரையை நெருங்க நெருங்க உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எந்த இறால் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம், செர்ரிதான். கிரிஸ்டல் ரெட் என்ற இறால் பார்க்க அழகு. ஆனால் அதற்கு 24 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர் வேண்டும். நம் சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் இல்லாமல் அது நடக்காது. செர்ரிக்கு 22 முதல் 27 டிகிரி சுகம், பிஎச் 6.5 முதல் 8 வரை தாங்கும். டிடிஎஸ் 150–300, ஜிஎச் 6–8 இருந்தால் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் ஒரே இனம்தான். கலந்து விட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் சேற்று நிறத்துக்குத் திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம்.

போர் தண்ணீர் 800 காட்டுகிறது, வீட்டு ஆர்ஓ தண்ணீர் 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் போர் தண்ணீருக்கு நாலு குடம் ஆர்ஓ சேர்த்தால் 200 வரும். இந்தக் கணக்கு சுண்ணாம்புத் தண்ணீருக்குத்தான் சரி. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உவர்த் தண்ணீரில் மீட்டர் காட்டுவதில் பெரும்பங்கு சாப்பாட்டு உப்பு. இறாலின் ஓட்டுக்குத் தேவை கால்சியமும் மக்னீசியமும். அங்கே போரை மறந்துவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கென்று விற்கும் தாது உப்பைக் கரைத்து 180–200க்குக் கொண்டுவருவதே வழி. வெறும் ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றினால் இறால் சட்டை உரிக்க முடியாமல் சாகும். உற்றுப் பார்த்தால் தெரியும்: தலை ஓடும் முதுகும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் கட்டியதுபோல் சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருக்கும். ஓடு மேலே மட்டும் பிளக்காமல் வளையமாகப் பிளந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இறால் பெரும்பாலும் பிழைக்காது. தாது குறைந்தாலும் இது வரும், ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினாலும் வரும். குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து மூடாமல் ஒரு நாள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

பிடித்து வைப்பது பிளாஸ்டிக் வாளியாக இருக்கட்டும். இப்போது வீட்டுக்கு வீடு செம்புக் குடம் வந்துவிட்டது. நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்குச் செம்பு விஷம். மீன் மருந்துகள் பலவற்றிலும் செம்பு உண்டு, லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

சரி, தொட்டி. 45×30×30 செ.மீ., அதாவது ஒன்றரை அடி நீளம். விளிம்புவரை 40 லிட்டர். 5 மி.மீ. கண்ணாடி போதும். மேசைமேல் வைக்கிற பத்து லிட்டர் குட்டித் தொட்டி வேண்டாம். தண்ணீர் குறைய குறைய சூடும் அழுக்கும் சட்டென்று ஏறும், புதியவர்கள் தோற்பது அதில்தான். மணல், தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்த்து 55 கிலோ வரும். ஆடாத பலகையில், அடியில் தெர்மோகோல் போட்டு வையுங்கள். ஜன்னலோரமும் வேண்டாம், ஓட்டுக் கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

4 செ.மீ. உயரத்துக்கு எட்டு கிலோ மணல் பிடிக்கும். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் என்றால் அதில் சிமெண்ட் தூசி கலந்திருக்கும், பிஎச்சை ஏற்றிவிடும். கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் துண்டோ சுண்ணாம்போ இருக்கிறது, அது வேண்டாம். நுரைக்காத மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள்.

ஃபில்டருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் சரி. மற்றவை குஞ்சுகளை உறிஞ்சிவிடும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒரு செக் வால்வு கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் பின்வாங்கி பம்ப் வழியாகத் தரைக்கு வரும்.

அந்தப் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாயங்காலம் கொசுவத்தியோ கொசு லிக்விடோ போட்டால் அந்தப் புகையும் சேர்ந்து உள்ளே போகும். அதிலிருப்பது பூச்சி மருந்து, இறாலும் பூச்சிக்குப் பங்காளிதான். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தெருவில் புகை மருந்து வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள்.

செடிக்கு ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போதும். ஃபெர்னையும் அனுபியாஸையும் கல்லில் நூல் போட்டுக் கட்டுங்கள், கிழங்கை மணலில் புதைத்தால் அழுகும். எல்ஈடி ஆறு ஏழு மணி நேரம். வாய்க்காலில் வேலம்பாசி இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். வயலுக்கு அடித்த மருந்து அதில் இருக்கலாம், தும்பிக் குஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தும்பிக் குஞ்சு ஒளிந்திருந்தாலே இறால் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இனி பொறுமை. மீன் தீனி ஒரு சிட்டிகை போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, நாலு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். தீனி அழுகி அம்மோனியா என்ற விஷம் ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் என்ற இன்னொரு விஷம் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, கண்ணாடியில் லேசாகப் பாசி வழவழக்கும்போதுதான் இறாலுக்கு இடம் தயார். அந்த வழவழப்புதான் குஞ்சுகளின் சாப்பாடு. நாட்டு வாதாம் மரத்தில் தானாக உதிர்ந்த சருகு ஒன்றைக் கொதிக்க வைத்துப் போட்டால் அதிலும் மேயும்.

முதலில் பத்துப் பதினைந்து இறால். பையோடு கவிழ்க்காமல், வாளியில் விட்டு, ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். வாளித் தண்ணீர் மூன்று மடங்காக இரண்டு மணி நேரம் ஆகலாம். தீனி வாரம் இரண்டு முறை. அவித்த கீரை ஒரு இலை என்றால் மூன்று மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். உரித்த சட்டை கண்ணாடிபோல் கிடக்கும், செத்த இறால் என்று வெளியே எடுக்காதீர்கள், அவை அதையே தின்னும்.

அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் 30ஐத் தாண்டினால் முட்டை வைப்பது நிற்கும், பிராணவாயுவும் குறையும். சின்ன கிளிப் ஃபேனைத் தண்ணீர் மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் இன்னும் குறைவாகத்தான் இறங்கும். ஐஸ் பாட்டில் போடுவது சூட்டை ஏற்றி இறக்கி இன்னும் கெடுக்கும். ஃபேன் ஓடினால் தண்ணீர் வற்றும், ஆனால் உப்பு உள்ளேயே தங்கும். வற்றியதை நிரப்ப வெறும் ஆர்ஓ தண்ணீர், வாரம் ஒருமுறை பத்து சதவீதம் மாற்ற மட்டும் கலந்த தண்ணீர். வற்றியதையும் கலந்த தண்ணீராலேயே நிரப்பினால் மீட்டர் ஏறிக்கொண்டே போகும்.

பெருகிப் போனால் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள், அது கிழக்காசிய இறால். கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள், கையோடு ஒரு பிடி மாஸும்.