கிடாருக்கு மட்டும் எக்கோ

தன் குரலுக்கு எக்கோ ஏற்றச் சொன்ன பாடகியிடம், "ஏற்றிவிட்டேன் அக்கா" என்று நான் சொன்னது பொய்யில்லை. எக்கோவை ஏற்றத்தான் செய்தேன். அவர் காலடியில் இருந்த மானிட்டரில், அதாவது பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரில், ஏற்றினேன். மக்கள் கேட்கும் ஸ்பீக்கரில் ஏற்றவில்லை. எதில் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரிசப்ஷன் கச்சேரியில் ஒலியைக் கலக்கும் மிக்சர் முன்னால் நிற்கிற யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மண்டபம் எப்படி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே கிரானைட், மூன்று பக்கமும் சிமென்ட் சுவர், வாசல் பக்கம் கண்ணாடி. மேடைக்கும் பின்சுவருக்கும் 25 மீட்டராவது இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும் என்று வைத்தால், சுவரில் பட்டுத் திரும்ப 150 மில்லி நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். எக்கோவை மண்டபமே இலவசமாகக் கொடுக்கிறது, வேண்டாமென்றாலும் விடாது. அதன்மேல் நானும் இரண்டு நொடி ரிவர்பை, அதாவது ஒலி மெல்ல அடங்கும் முழக்கத்தை, சேர்த்தால் மெய்யெழுத்துகள் கரைந்துபோய் உயிரெழுத்துகள் மட்டும் மிதக்கும். கூட்டம் நிரம்பினால் உடம்பும் பட்டுப்புடவையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பாதிக் கூட்டம் எப்போதும் பந்தியில் இருக்கும்.

பாடுபவருக்கு எக்கோ ஏன் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வறண்ட குரலை மானிட்டரில் கேட்டுக்கொண்டு பாடினால் தொண்டையை அழுத்தத் தோன்றும். நீட்டி நிறுத்தும் ஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு வால் இருந்தால்தான் மூச்சை நிதானமாக விட முடியும். அக்கா பாடவந்த காலத்தில் எக்கோ என்றால் காந்த நாடா சுழலும் பெட்டி. ரோலண்ட் நிறுவனத்தின் ஸ்பேஸ் எக்கோ 1974இல் வந்தது. பதிவான ஒலியைத் தள்ளித்தள்ளி இருக்கும் ஹெட்டுகள் திரும்பப் படிக்கும். இன்று ரிவர்ப், டிலே (சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிப்பது) என்று நாங்கள் தனித்தனியாகப் பிரிப்பதெல்லாம் மேடையில் இன்னும் ஒரே எக்கோதான். டிஜிட்டல் மிக்சரில் மானிட்டருக்கும் கூட்டத்துக்கும் தனித்தனியாகப் பிரிப்பது சுலபம். ரிவர்ப் திரும்பி வரும் சேனலில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அடிமட்டத்தில் வைத்துவிட்டு, மானிட்டருக்குப் போகும் ஆக்ஸை (தனி வெளியீட்டை) மட்டும் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுத்தால் போதும். அவருக்குக் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றாகவும் பாடினார்.

கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீடியோக்காரருக்கு மெயினிலிருந்து, அதாவது கூட்டத்துக்குப் போகும் ஒலியிலிருந்து, ஒரு லைன் போயிருந்தது. அந்த லைனில் மண்டபம் கிடையாது. சுவர், கூட்டம் எதுவும் இல்லாமல், மைக்கில் நுழைந்த குரல் மட்டும் மொட்டையாகப் பதிவாகும். வீடியோவுக்கென்று தனி ஆக்ஸ் ஒதுக்கி ரிவர்ப் கலந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்த ஆக்ஸ் எல்லாம் மானிட்டர்களுக்கே போய்விட்டன. கீபோர்டுக்காரருக்கு மட்டும் இரண்டு.

வீடியோ கைக்கு வந்த பிறகு அக்கா போன் செய்தார்.

"எக்கோ ஏற்றியதாகச் சொன்னீர்களே தம்பி?"

மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன், பின்சுவரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்தீர்களா?"

"ஆமாம் அக்கா."

"கிடாருக்கு மட்டும் எல்லாருக்கும் கேட்கிறதே."

கோபமே இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதோ என்னவோ.

கிடாருக்கு நான் எக்கோ போடவில்லை. அது கிடார் வாசிப்பவரின் காலில் இருக்கிறது. டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே எல்லாம் அவருடைய பெடலுக்குள்ளேயே கலந்து ஒரே லைனாக என்னிடம் வரும். காபியில் கரைந்த சர்க்கரையை எடுக்க முடியாது. 120 டெம்போ (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டு என்றால் அவர் காலால் தட்டி, டிலேயை 375 மில்லி நொடியில் நிறுத்திக்கொள்வார். ஒரு தடவை மீட்டினால் தாளத்துக்கு நடுவே இன்னும் இரண்டு முளைக்கும். அழகாகத்தான் இருக்கும். அதே பின்சுவர் அதையும் குழப்பத்தான் செய்கிறது. ஆனால் அவரிடம் போய் டிலேயைக் குறையுங்கள் என்று நான் சொன்னதில்லை. சொன்னால், அது என் டோன் என்பார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்வேன். பாடகி கேட்டால் மட்டும் அது ஏன் அறையின் பிரச்சினையாகிவிடுகிறது?

இதற்கு என்னிடம் பதில் இல்லாமலில்லை. கூட்டம் காதைத் தீட்டிக் கேட்பது சொல்லைத்தான். கிடார் மங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதை நான் நம்புகிறேன். அன்று மண்டபத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் தெளிவு அவர் கேட்ட பொருளே அல்ல. தன் குரல் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னார். கேட்டபடியே செய்துவிட்டதாக நினைக்கவைத்து, நான் முடிவெடுத்தேன். காலில் பெடல் இருப்பவருக்கு இப்படி ஒருபோதும் நேராது.

அப்படியானால் பாடகர்களும் சொந்தப் பெடல் வைத்துக்கொள்வதுதானே நியாயம்? மைக்கை நேரே செருகி ரிவர்ப், டிலே, ஹார்மனி எல்லாம் தானே கலந்துகொள்ளும் சிறு பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அண்மையில் ஓர் இளம் பாடகி அப்படியொன்றைக் கொண்டுவந்தார். கேபிளைக் கையில் வாங்கியதுமே, "இது வேண்டாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். பெட்டிக்குள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை நெருக்கும் கம்ப்ரஸர் கூடியிருந்தால் சன்னமான ஒலியெல்லாம் மேலே ஏறி, கச்சேரி முழுக்க மானிட்டரில் கீச்சிடும் ஃபீட்பேக்கைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று காரணமும் சொன்னேன். காரணம் சரியானதே. அந்தப் பெட்டியில் கம்ப்ரஸர் கூடியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.