விரியன் விமானம் ஏறாது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும்போது பெரியம்மா கையில் ஒரு குச்சி இருக்கும். சருகைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார். கண்ணாடி விரியன் பயம்.

உலக சுகாதாரம் என்றால் நாடு விட்டு நாடு தாவும் நோய் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விமானத்தில் வரும் காய்ச்சலுக்குக் கண்காணிப்பு, தடுப்பூசி, பணம் எல்லாம் உண்டு. விரியன் கடலூர் மாவட்டத்தைக்கூடத் தாண்டாதே! இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அதெல்லாம் தலைவிதிக் கணக்கில்தான் போனது.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. (கடி எப்படி நோயாகும் என்று கேட்காதீர்கள்.) எல்லை தாண்டுகிறதா என்பதை விட்டுவிட்டு, பல நாட்டு ஏழைகளையும் அடிக்கிறதா என்று பார்த்தால் பட்டியலே மாறிவிடுகிறது. 2030க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்று 2019-இல் இலக்கு வைத்தார்கள். 2024 மார்ச்சில் இந்தியாவும் அதே இலக்கோடு செயல்திட்டம் போட்டது. அந்த நவம்பரில் தமிழ்நாடு இதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அதாவது, தனியார் மருத்துவமனையும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "சரிடா, நட்டநடு ராத்திரியில போனா நம்ம ஊரு ஆஸ்பத்திரியில ஊசி இருக்குமா?" என்றார்.